கொஞ்சம் பரிதாபமாக எழுதுங்கள், தம்பி

பெரியவர் கொண்டுவந்தது ஒரு சூப்பர்மார்க்கெட் பை. மேசையில் கவிழ்த்தார். முப்பது பழுப்பு உறைகளாவது இருக்கும். வழுக்கிக்கொண்டு என் மடிவரை வந்து விழுந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"எல்லாம் கவனமாகத்தான் வைத்திருக்கிறேன் தம்பி" என்றார். பொய்யில்லை. எட்டு மாதத்துக் கடிதங்களில் ஒன்றையும் அவர் தொலைக்கவில்லை. வந்த வரிசையிலேயே அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். பிரித்துப் பார்க்கத்தான் துணிவு வரவில்லை. பக்கத்தில் அவருடைய மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் அரசுக் கடிதம் பெரும்பாலும் பழுப்பு உறையில்தான் வரும். அந்த நிறத்துக்கென்று ஒரு பயம் உண்டு என்பதை ஆலோசனை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பை நிறையப் பிரிக்காத உறையோடு வருபவர்களை வாரம் ஒருவராவது பார்த்துவிடுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அப்படி வந்திருக்கிறார். உதவித்தொகை பற்றிய முடிவை எதிர்த்து மறுபரிசீலனை கேட்பதற்கு ஒரு மாதம்தான் கெடு. அந்த மாதம் நாம் உறையைப் பிரித்த நாளிலிருந்து ஓடாது, கடிதத்தின் தலையில் அச்சிட்ட தேதியிலிருந்து ஓடும். தக்க காரணம் இருந்தால் பதின்மூன்று மாதம்வரை தாமதத்தை மன்னிக்க விதி இடம் தருகிறது. ஆனால் காரணத்தை நாம் சொல்ல வேண்டும். ஆகவே இப்படி ஒருவர் வந்தால் முதல் வேலை உறைகளைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்குவது. அரை மணி நேரம் பேச்சே இருக்காது. காகிதம் கிழியும் சத்தம் மட்டும்.

நான் சொல்லும் இடம், சிக்கலோடு வருகிற யாருக்கும் இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் உள்ளூர்க் கிளை ஒன்று, தென் லண்டனில். பழைய ஆட்களுக்கு இன்றும் அது 'சி.ஏ.பி.'தான், சிட்டிசன்ஸ் அட்வைஸ் பியூரோ என்ற பழைய பெயரின் சுருக்கம். நாடெங்கும் ஒரே பெயர்ப் பலகை, ஆனால் ஒவ்வொரு கிளையும் தனித்தனி அறக்கட்டளை. தன் நிதியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். சம்பளத்துக்குச் சிலர், மற்றபடி என்னைப்போல் வாரத்தில் ஒருநாள் இருநாள் வரும் தொண்டர்கள். எனக்குச் செவ்வாய்க்கிழமை. 2016இல் ஒரு மென்பொருள் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் சமையலறையில் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்தால் எந்த மனைவிதான் பொறுப்பாள்? அவள்தான் விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னாள். உயர்ந்த நோக்கமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த அமைப்பு பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரை அறிவித்தது. மறுநாளே இருநூறு ஆலோசனை நிலையங்கள் திறந்துவிட்டன. ஓராண்டுக்கு முன்பே போர் வரும் என்று கணித்துத் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். பொதுக் கட்டடங்களிலும் சிலரது வீடுகளிலும் மேசை போட்டு, ரேஷன் புத்தகம் தொலைந்தவர், குண்டு விழுந்து வீடு போனவர், போர்முனையில் மகன் என்ன ஆனான் என்று தெரியாதவர், கணவனைப் படைக்கு அழைத்ததால் வருமானம் பாதியாகி கடனில் விழுந்தவர் என்று எல்லோருக்கும் பதில் சொன்னார்கள். 1942இல் நிலையங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. குதிரை ஏற்றும் வண்டி ஒன்றை நடமாடும் அலுவலகமாக மாற்றிக் குண்டு விழுந்த தெருக்களின் அருகே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். போர் முடிந்ததும் அரசு கையைச் சுருக்கிக்கொண்டது, பல கிளைகள் மூடின, பிற்பாடு மறுபடி தழைத்தன. இன்றும் வருகிறவர்கள் ஏறத்தாழ அதே ஆட்கள்தான். குண்டு விழவில்லை, அவ்வளவுதான்.

பெரியவருக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் இறுதியில் வந்து, பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலையிலேயே இருபது வருடத்துக்குமேல் கழித்தவர். பக்கவாதம் வந்து எட்டு மாதம். இடது கையும் காலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. (இரண்டு மூன்று பேரைக் கலந்து, ஊர் பேர் மாற்றித்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தொழிலில் அது விதி.) உறைகளையெல்லாம் பிரித்துப் பார்த்ததில் தலைபோகிற விஷயம் எதுவும் இல்லை. ஆனால் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றை அவர் கேட்கவே இல்லை என்பது தெரிந்தது. அரசு ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள் நோயாலோ ஊனத்தாலோ மற்றவர் உதவியில் வாழ நேர்ந்தால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்று ஒரு தொகை உண்டு. வருமானம் பார்ப்பதில்லை, சேமிப்பு பார்ப்பதில்லை. ஆறு மாதமாவது அந்த உதவி தேவைப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

சொன்னேன். பெரியவர் யோசித்தார். பிறகு சற்றுக் குனிந்து, "அப்படியென்றால் கொஞ்சம் பரிதாபமாக எழுதுங்கள், தம்பி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் தஞ்சாவூருக்குப் போய்விட்டேன்.

என் தாய்மாமா கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதுபவர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், அன்று அவருக்குக் கல்யாண வீட்டுக் கூட்டம். புங்கமரத்தடியில் தட்டச்சு இயந்திரம், பக்கத்தில் தண்ணீர்க் கூஜா, கார்பன் தாள். பள்ளி விடுமுறையில் கார்பன் மாற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு. மனுதாரர் வந்து உட்கார்ந்ததும் மாமா முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார், "பிள்ளைகள் எத்தனை?" என்பார். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை, எதுவானாலும் மனு ஒரே தாளத்தில்தான் போகும். 'மாவட்ட ஆட்சியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று தொடங்கும். நடுவில் 'வயது முதிர்ந்த தாயாருடன் மிகுந்த சிரமத்தில் வாழ்ந்து வருகிறேன்' என்று ஒரு வரி வந்தே தீரும். 'கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியும். ஒருமுறை ஒருவர், "ஐயா, என் அம்மா செத்துப் பத்து வருடமாகிறது" என்றார். மாமா அசரவில்லை. "இருக்கட்டும். படிக்கிறவனுக்கு மனசு இளக வேண்டாமா?" என்றார்.

மாமாவை நான் குறை சொல்லவில்லை. எதிரே உட்காரும் அதிகாரியின் மனசு இளகினால்தான் காரியம் நடக்கும் என்ற இடத்தில் அவர் தொழில் செய்தார். அந்தப் பாடத்தைத்தான் பெட்டியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

பயிற்சிக் காலத்தில் இரண்டு வகையில் மாட்டிக்கொண்டேன். முதலாவது, கடன். ஒரு பெண் வந்தார், இரண்டு பிள்ளைகள், நான்கு கடன் அட்டைகள், வாடகைப் பாக்கி, உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரிப் பாக்கி. கடன் அட்டைக்காரர்கள் நாளுக்கு ஐந்துமுறை தொலைபேசியில் கூப்பிடுகிறார்களாம். வீட்டுக்காரர் மாதம் ஒரு கடிதத்தோடு சரி. அதனால் அந்தப் பெண் அட்டைக்காரர்களுக்கே கட்டிக்கொண்டிருந்தார். வாடகை, கவுன்சில் வரி, எரிவாயு, மின்சாரம் இவைதான் முதல் வரிசைக் கடன்கள், கட்டாவிட்டால் வீடோ வெளிச்சமோ போய்விடும். கடன் அட்டை எவ்வளவு கத்தினாலும் இரண்டாம் வரிசைதான். இதைப் படித்து முடித்த சூட்டில் இருந்தேன். "அட்டைக்கு ஒரு காசு கட்டாதே அம்மா. இந்த மாதச் சம்பளம் வந்ததும் நேரே வாடகையைக் கட்டு" என்று அண்ணன் தங்கைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மேற்பார்வையாளர் என் குறிப்பைப் படித்துவிட்டு அழைத்தார். ஸ்காட்லாந்துக்காரப் பெண்மணி, குரலை உயர்த்த மாட்டார். "அந்த அட்டைகளில் ஏதாவது அவருடைய அக்காவின் பெயரில் வாங்கியதா என்று கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. "அவர் என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்டீர்களா?" அதையும் கேட்கவில்லை. இங்கே ஆலோசனை என்றால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று விரித்து வைப்பது. எந்த வழியில் போவது என்று சொல்வது நம் வேலை கிடையாது. நான் செய்தது சுத்தமான புத்திமதி. நம் ஊரில் புத்தி சொல்லாமல் ஒருவருக்கு நல்லது செய்ய முடியும் என்று யாராவது நம்புவார்களா? தெருமுனையில் வழி கேட்டால்கூட, "அங்கே எதற்குப் போகிறீர்கள்?" என்று விசாரித்துத் திருத்தி அனுப்புகிற ஆட்கள் நாம்.

இரண்டாவது சங்கடம் எதிர்த்திசையில். தமிழ் பேசும் ஆளைக் கண்டதும் வருபவர்களே என்னை அதிகாரியாக்கிவிடுவார்கள். "நீங்களே பார்த்துச் செய்யுங்கள் ஐயா, எங்களுக்கு என்ன தெரியும்?" கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினால் போதும் என்பார்கள். வழிகளை விரித்து வைத்தால் முகத்தில் ஏமாற்றம் தெரியும், இவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று. மாமாவிடம் வந்தவர்களும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பெய்லிஃப் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கவுன்சில் வரிப் பாக்கிக்காகப் பொருளை எடுக்க வருகிறவர் முதல்முறை கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. நாம் திறந்துவிட்டாலோ பூட்டாமல் விட்டாலோதான் நுழையலாம். ஒருமுறை நுழைந்து பட்டியல் எடுத்துவிட்டால் அடுத்தமுறை கதை வேறு. இதைச் சொன்னதும் ஒரு அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லித் தேநீரும் போட்டுக் கொடுத்தேனே!" வந்தவர் தேநீரைக் குடித்தபடியே தொலைக்காட்சி, சோபா, தையல் இயந்திரம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் நிற்கிறவரை உள்ளே கூப்பிடாதே என்று ஒரு தமிழ் வீட்டுக்குச் சொல்வதைவிடக் கடினமான ஆலோசனையை நான் இன்றுவரை கொடுத்ததில்லை.

சரி, படிவம். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் படிவம் பெரியது, பக்கம் பக்கமாகப் போகும். ஆனால் அதில் எங்கும் கருணைக்கு இடமில்லை. குளிக்க உதவி வேண்டுமா, நாளைக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம்? உடுத்த? கழிப்பறைக்கு? சமையலும் வீட்டு வேலையும் இதில் கணக்கில்லை, உடம்புக்கு நேரடியாகச் செய்யும் உதவிதான் கணக்கு. எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று கேட்பதில்லை. யார், எதை, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்றுதான் கேட்கும். பரிதாபமாக எழுதினால் படிப்பவருக்கு அதில் பயன்படும்படி ஒன்றும் அகப்படாது.

"குளிப்பதற்கு யாராவது உதவுகிறார்களா, ஐயா?"

"இல்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. நானே செய்வேன்."

பரிதாபமாக எழுதச் சொன்னவர்தான் இவர். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பொதுவாகப் புலம்பு என்றால் நாம் புலம்பிவிடுவோம். குறிப்பாகக் கேட்டால் மானம் குறுக்கே வந்துவிடும்.

"முதுகு யார் தேய்த்துவிடுகிறார்கள்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மனுசிதான்." அவர்கள் பக்கத்தில் மனைவியை அப்படிச் சொல்வார்கள்.

"தொட்டிக்குள் இறங்கும்போது?"

"பிடித்துக்கொள்வாள்."

"சட்டைப் பொத்தான்?"

அவர் வலது கையால் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார், அது எப்படி அங்கே வந்தது என்று அப்போதுதான் நினைப்பவர்போல. அந்தச் சட்டையில் ஒரு பொத்தான் ஓட்டை மாறிப் போட்டிருந்தது. அன்று காலை அவசரமாகக் கிளம்பியிருப்பார்கள்.

"இரவில் எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா?"

"சில நேரம்."

"மூன்று தடவை" என்றார் அம்மா. தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்று அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

பேனாவைக் கீழே வைத்தேன். இரவு உதவியும் பகல் உதவியும் சேர்ந்தால் மேல் விகிதம், ஏதாவது ஒன்றென்றால் கீழ் விகிதம். அந்த 'மூன்று தடவை' படிவத்தில் ஏறுவதா வேண்டாமா என்பதில் எவ்வளவோ இருக்கிறது. மாமாவாக இருந்தால் ஐந்து என்று போட்டிருப்பார். பழைய நானாக இருந்தால், "அம்மா சொல்வதை எழுதிவிடலாம் ஐயா" என்று முடித்திருப்பேன். அன்று இரண்டையும் செய்யவில்லை. படிவத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, இந்தக் கேள்விக்கு என்ன எழுதினால் என்ன ஆகும் என்று மட்டும் சொன்னேன். இது தர்மமாக யாரும் போடும் காசா என்று பெரியவர் கேட்டார். நாட்டு வரிப்பணம், இந்த நிலையில் இருக்கும் எல்லோருக்கும் சட்டம் வைத்திருக்கும் பங்கு, நீங்களும் வரி கட்டியவர்தானே என்றேன். கணவனும் மனைவியும் தங்களுக்குள் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவர், "மூன்று என்றே எழுதும்" என்றார். 'எழுதுங்கள்' என்பது 'எழுதும்' ஆகிவிட்டிருந்தது. யாழ்ப்பாணத்துப் பெரியவர் வயதில் இளையவனுக்கு மரியாதை குறையாமல் உரிமையோடு சொல்லும் வடிவம் அது. எனக்கு அந்த நாளின் சம்பளம்.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஒரு படிவத்தோடு இந்த வேலை நிற்பதில்லை, அதற்காகத்தான் நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கு வந்த சிக்கல் விதியிலேயே இருக்கும் கோளாறால் வந்தது என்று தோன்றினால், பெயர் இல்லாமல் ஒரு சான்றுப் படிவம் எழுதி மேலே அனுப்புவோம். நாடெங்கும் கிளைகளிலிருந்து அவை சேரும். யுனிவர்சல் கிரெடிட் என்று, வேலையில்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் ஒரு உதவித்தொகை உண்டு. நான் சேர்ந்த புதிதில் அதன் முதல் பணத்துக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சந்தேகம் கேட்கக் கூப்பிட்டால், கைப்பேசியிலிருந்து நிமிடத்துக்கு 55 பென்ஸ் வரை போகும். கையில் காசில்லை என்று சொல்வதற்குக் காசு. அதைப் பற்றி எங்கள் மேசையிலிருந்தும் படிவங்கள் போயின. 2017 இறுதியில் அந்த எண் இலவசமானது. 2018 பிப்ரவரியில் ஆறு வாரம் ஐந்தானது. எத்தனையோ அமைப்புகள் சத்தம் போட்டதில் நடந்தது, எங்கள் கிளையின் சாதனை என்று மார்தட்ட முடியாது. ஐந்து வாரமும் பிள்ளைகள் வைத்திருப்பவருக்கு நீண்ட காலம்தான், உணவு வங்கிக்குச் சீட்டு எழுதித் தருவது ஓயவில்லை. ஆனாலும் மாமாவின் கார்பன் பிரதிகளை நினைத்துக்கொள்கிறேன். ஒரே குறைக்கு அவர் ஐம்பது மனு எழுதியிருப்பார். ஐம்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

கைவிரிக்க வேண்டிய இடங்களும் உண்டு. குடியேற்ற விஷயத்தில் தகுதிபெற்றுப் பதியாதவர் ஆலோசனை சொல்வது இந்த நாட்டில் குற்றம். அண்ணன் மகன் விசாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் தகுதியுள்ளவரிடம் அனுப்புவதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். 2013இல் சட்ட உதவி வெட்டப்பட்ட பிறகு அப்படி அனுப்புவதற்கான இடங்களும் அருகிவிட்டன. கோயிலிலும் சிக்கல். சனிக்கிழமை அர்ச்சனைக் கூட்டத்தில், செவ்வாய்க்கிழமை என் எதிரே அழுதவர் எதிர்ப்படுவார். அவராகச் சிரித்தால் சிரிப்பேன். இல்லையென்றால் நான் தூணைப் பார்த்துக் கும்பிடுகிறேன். என்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று சொல்பவர்கள் அந்தக் கோயிலில் நிறையப் பேர் என்று கேள்வி.

இரண்டரை மாதம் கழித்துப் பெரியவரும் அம்மாவும் மறுபடி வந்தார்கள். கையில் ஒரே ஒரு பழுப்பு உறை, கத்தியால் நேராகக் கீறித் திறந்தது. மேல் விகிதமே கிடைத்திருந்தது. கூடவே ஒரு டப்பாவில் பனங்காய்ப் பணியாரம். பரிசு வாங்கக் கூடாது என்று விதி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மேற்பார்வையாளர் வந்து, எல்லோருக்கும் பொதுவான மேசையில் வைத்துவிடலாம் என்று தீர்ப்புச் சொல்லி முதல் ஆளாக இரண்டை எடுத்துக்கொண்டார்.

"இந்தக் காசை எதற்குச் செலவழிக்க வேண்டும்?" என்று பெரியவர் கேட்டார்.

"கட்டுப்பாடு எதுவும் இல்லை ஐயா. உங்கள் விருப்பம்."

"நீர் ஒன்றுக்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டீர்" என்று சலித்துக்கொண்டார்.

அம்மா இம்முறை தரையைப் பார்க்கவில்லை. "குளியலறைச் சுவரில் ஒரு கைபிடி போட வேண்டும்" என்றார். "இவரைப் பிடித்துப் பிடித்து என் தோள் போய்விட்டது."

அதற்குக் கைக்காசு வேண்டியதில்லை, தேவையை மதிப்பிட்டபின் இதுபோன்ற சின்ன மாற்றங்களைக் கவுன்சிலே இலவசமாகச் செய்து தரும், அதற்கும் ஒரு படிவம் உண்டு என்றேன்.

பெரியவர் நிமிர்ந்தார். "அதிலும் முதுகு தேய்ப்பதை எழுத வேண்டுமா?"